மன்னா நின்ற நாள்

பித்தோம், ராமசேஸ் என்ற இரண்டு பட்டணங்களை இஸ்ரவேலர் பார்வோனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள் என்கிறது யாத்திராகமத்தின் முதல் அதிகாரம். இரண்டும் பண்டசாலைப் பட்டணங்கள். தானியம் சேர்த்துவைப்பதற்கான ஊர்கள். சேர்த்துவைக்கத் தங்களுக்கென்று ஒரு மணியும் இல்லாதவர்கள் அவற்றுக்குச் செங்கல் அறுத்தார்கள். மூன்று நாள் வனாந்தரத்துக்குப் போய்த் தங்கள் தேவனுக்குப் பண்டிகை ஆசரிக்க வேண்டும் என்று மோசே வந்து கேட்டபோது, பார்வோன் வைக்கோலை நிறுத்தினான். வைக்கோலை இனி அவர்களே தேடிப் பொறுக்க வேண்டும். செங்கல் கணக்கு மட்டும் ஒன்றுகூடக் குறையக் கூடாது. ஓய்வு கேட்கிறவன் சோம்பேறி என்பது அவன் தீர்ப்பு.

அப்படி உழைத்தவர்கள் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட ஒரு மாதத்தில் பசியால் முறுமுறுக்கிறார்கள். அப்போது வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவுக்கு ஒரு குணம் இருந்தது. அது மறுநாளைக்கு நிற்காது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. வெயில் ஏறினால் தரையில் கிடப்பது உருகிவிடும். கூடாரத்தில் மிச்சம் வைத்தால் விடிவதற்குள் புழுத்து நாறும். பண்டசாலைக்குச் செங்கல் சுமந்தே கூன் விழுந்த ஜனங்களுக்கு, எந்தப் பண்டசாலையிலும் தங்காத உணவைக் கர்த்தர் கொடுத்தார். இது தற்செயலாக அமைந்தது என்று என்னால் வாசிக்க முடியவில்லை.

ஆறாம் நாள் முறை மாறுகிறது. அன்றைக்கு இரண்டு ஓமர் பொறுக்கலாம். மற்ற இரவுகளில் புழுக்கிற அதே மன்னா அந்த ஓர் இரவு மட்டும் கெடாமல் இருக்கிறது. ஐந்து நாள் சேர்த்துவைக்காதே என்றவர் ஆறாம் நாள் சேர்த்துவை என்கிறார். சேமிப்பது விசுவாசமா, சேமிக்காதது விசுவாசமா என்று சபைகளில் நாம் வாதிடுவதுண்டு. இந்த அதிகாரத்தில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. சொன்ன நாளில் விட்டுவிடவும் சொன்ன நாளில் எடுத்துவைக்கவும் ஒரே நம்பிக்கைதான் தேவைப்படுகிறது.

ஏழாம் நாள் காலையில் சிலர் பாத்திரத்தோடு வெளியே போகிறார்கள். தரையில் ஒன்றும் இல்லை. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 430 வருஷம் எகிப்தில் குடியிருந்த இனம் அது. அடிமைப்பட்ட தலைமுறைகளின் உடம்புக்கு நிற்கத் தெரியாது. விடிந்தால் போக வேண்டும், போகாவிட்டால் அடி விழும் என்பதையே கால்கள் படித்திருந்தன. கர்த்தர் கடிந்துகொள்கிறார், ஆனால் யாரையும் தண்டிக்கவில்லை. இரட்டைப் பங்கு முந்தின நாளே கொடுத்தாயிற்றே, அவரவர் இடத்தில் இருங்கள் என்கிறார். பிறகு ஜனங்கள் ஓய்ந்திருந்தார்கள். சீனாய் மலையில் பத்துக் கட்டளை கொடுக்கப்படுவது இதற்கு அப்புறம்தான். ஓய்வைச் சட்டமாகக் கேட்பதற்கு முன்பே அதை அப்பமாக அவர்கள் தின்றிருந்தார்கள்.

ஆதியாகமத்திலும் இதே வரிசை இருக்கிறது. மனிதன் ஆறாம் நாளில் படைக்கப்படுகிறான். அவன் முழுதாகக் கண்ட முதல் நாள் ஏழாம் நாள், ஓய்வின் நாள். ஓய்வை உழைப்புக்குப் பிந்திய கூலியாகவே நினைத்துப் பழகியவர்கள் நாம். ஆதாமிடம் இளைப்பாற வேண்டிய களைப்பு எதுவும் இருக்கவில்லை. தோட்டத்தைப் பண்படுத்தும் வேலை அவனுக்கு இருந்தது, ஆனால் தோட்டத்தை நட்டவர் வேறொருவர்.

மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஓய்வுநாளில் எந்தப் பரீட்சையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம் வருகிறது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்லும்போது அவரை அறியாமலே அலுவலகத்தையும் சேர்த்துச் சொல்கிறார். அன்றாடங்காய்ச்சிக்கு அப்படியில்லை. முத்துக்குளித்துறையின் பரதவ மீனவர்கள் 1530-களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் வந்து சேர்வதற்கு முன்பே திருச்சபையில் சேர்ந்தவர்கள். தூத்துக்குடியிலிருந்து குமரி வரையிலான கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் இன்றும் இருக்கிறது. மீன் சனிக்கிழமை இரவு வரும், ஞாயிறு வராது என்று கடலில் சட்டம் எதுவும் இல்லை. மீன்பாடு நன்றாக இருக்கும் பருவத்தில் ஒரு நாள் வள்ளத்தைக் கரையில் வைப்பது, எண்ணெய்ச் செலவும் வியாபாரிக்கடனும் தலைக்கு மேல் நிற்கும்போது, எவ்வளவு கனமான காணிக்கை என்பது கரையில் இருப்பவர்களுக்கே தெரியும். இந்த நாட்டில் ஓய்வுநாளை ஓய்வுநாளாக ஆசரிப்பவர்கள் யார் என்று கேட்டால் நான் முதலில் அவர்களைத்தான் சொல்வேன்.

அதே கரையில் வருஷத்துக்கு 61 நாள் கடலுக்கே ஓய்வு கிடைக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். அரசு நிவாரணம் கொடுக்கிறது. அது போதாது என்று ஒவ்வொரு வருஷமும் மீனவர்கள் சொல்கிறார்கள், நியாயமாகவே சொல்கிறார்கள். நிற்கச் சொல்கிறவர் நிற்கும் நாளுக்குச் சோறும் கொடுக்க வேண்டும் என்பது வேதத்தின் நியாயம். மன்னாவில் முதலில் இரட்டைப் பங்கு வந்தது, அப்புறம்தான் வெளியே போகாதே என்ற கட்டளை. சபை இந்த வரிசையை அடிக்கடி தலைகீழாக்கிவிடுகிறது. விசுவாசமாயிருங்கள், கர்த்தர் தருவார் என்று முதலில் சொல்லிவிடுகிறது. பங்கைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைக்கிறது.

மன்னாவைப் பற்றி இன்னொரு விவரம் உண்டு. ஓமரால் அளந்தபோது அதிகம் பொறுக்கினவனுக்கு மீதியில்லை, கொஞ்சம் பொறுக்கினவனுக்குக் குறைவில்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் இதை எடுத்துக்கொள்கிறார். எருசலேமில் வறுமையிலிருந்த விசுவாசிகளுக்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார் அவர். அதற்குக் கொரிந்தியரை இணங்கவைக்க மன்னாவின் அந்த அளவைச் சாட்சிக்கு அழைக்கிறார். வனாந்தரத்தில் ஓமர் செய்த வேலையை இனி சபையார் கையால் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. தேவன் பராமரிக்கிறார் என்ற விசுவாசத்தைத் தனி மனிதனின் மனத்திடமாகவே பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்த அதிகாரத்தில் கொஞ்சம் தங்கிப்போக வேண்டும். பரமண்டல ஜெபத்திலும் அப்பம் கேட்கிறவர்கள் பலர். எனக்குத் தாரும் என்று அதில் எங்கும் இல்லை.

ஆதிச் சபையில் பலர் அடிமைகள். அவர்களுக்கு விடுமுறை கிடையாது. பித்தினியா நாட்டின் ஆளுநர் பிளினி, கி.பி. 112-ஐ ஒட்டிப் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடுகிறார்கள், பிறகு கலைந்துபோய் மறுபடி உணவருந்தச் சேர்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்ததை அறிவிக்கிறார். எஜமான் எழும்புவதற்கு முன் கிடைத்த அந்தச் சிறு நேரமும், சேர்ந்து சாப்பிட்ட அந்த உணவுமே அவர்களுடைய ஓய்வுநாள். கி.பி. 321-ல் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக்கினான். நகரவாசிகளுக்கு ஓய்வு, விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு. பருவம் தவறிவிடுமே என்ற கவலை. சேர்ந்து சாப்பிட்ட அந்த உணவின் சாயலாகத் திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் அசனப் பண்டிகை நடக்கும்போது, வீடுவீடாக வந்த அரிசியும் ஆடும் காய்கறியும் ஒரே கொப்பரையில் வெந்து எல்லா இலைக்கும் ஒன்றுபோல விழும்போது, பவுல் எழுதியது எனக்குப் புரிகிறது. வருஷத்துக்கு ஒருமுறை விழாவாகச் செய்வதை, தடைக்காலத்திலும் மழை பெய்து வேலை நின்றுபோகும் உப்பளத்து மாதங்களிலும் ஏன் செய்யக் கூடாது?

யாருக்கு ஓய்வு என்ற கேள்வி வீட்டுக்குள்ளும் உண்டு. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணம், வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பது. ஆராதனை முடிந்து வந்து, கறிக்குழம்பு வாசம் வீடெங்கும் பரவ, அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணயரும் ஞாயிற்றுக்கிழமையில் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு ஓய்வுநாள் எது? கட்டளையில் கழுதைக்குக்கூட இடம் இருக்கிறது.

உயிர்த்தெழுந்த கிறிஸ்து திபேரியாக் கடலோரத்தில் தோன்றிய காட்சியை மன்னாவோடு சேர்த்துத்தான் நான் வாசிக்கிறேன். சீமோன் பேதுருவும் மற்றவர்களும் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் திரும்புகிறார்கள். கரையிலிருந்து ஒருவர் சொன்னபடி வலதுபுறம் வீசி 153 பெரிய மீன் பிடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கரையேறும்போது அங்கே கரிநெருப்பு ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அவர்களுடைய 153-க்காக அந்தச் சமையல் காத்திருக்கவில்லை. அதே சமயம் அவர்கள் பிடித்ததையும் அவர் ஒதுக்கவில்லை, சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். பேதுரு மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். இங்கே முதலில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்த பிறகே, என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி மூன்று முறை. அப்புறம் ஆடுகளை மேய்க்கும் வேலை. விழுந்துபோன ஒருவனைப் புதிதாகத் தொடங்கவைக்கிறவர் அவனைப் பசியோடு விசாரிக்கவில்லை.

எலியா தீர்க்கதரிசிக்கும் அப்படித்தான் நடந்தது. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவனைத் தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். தின்றுவிட்டு அவன் மறுபடியும் படுத்துக்கொள்கிறான். எழுந்திரு, ஊழியம் கிடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இன்னொரு உறக்கம், இன்னொரு உணவு. அதற்குப் பிறகுதான் ஓரேபுக்கு நாற்பது நாள் நடை.

நாமாகத் தேடாமல் வந்து சேரும் ஓய்வும் இருக்கிறது. நோய், வேலை இழப்பு, முதுமை. டோனாவூர் ஊழியத்தை நடத்திய ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர்; பிறகு ஊர் திரும்பவே இல்லை. களக்காட்டு மலையடிவாரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் அம்மா. யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவருடைய கொள்கை. பிரிஸ்டல் நகரத்தில் 1836-ல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரும் அதே வழியில் நடந்தவர். முல்லரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: வந்த ஒவ்வொரு காணிக்கைக்கும் அவர் கணக்கு எழுதி வருஷாவருஷம் அச்சிட்டார். ஜெபத்தில் மட்டுமே கேட்டவர் வரவுசெலவை ஊரறிய வைத்தார். இன்று விசுவாசத்தின் பேரில் பணம் வாங்குகிற ஊழியங்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

1931-ல், மருத்துவ ஊழியத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போன ஏமி கார்மைக்கேல் அங்கே தோண்டிக் கிடந்த குழியில் விழுந்தார். 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். அந்த அறையிலிருந்து பல நூல்கள் எழுதினார். இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வலி குறையவில்லை, சுகத்துக்காக ஏறெடுத்த ஜெபங்கள் அவரை எழுந்து நடக்க வைக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடந்தன, அவர் இல்லாமலே நடந்தன. தான் நின்றுபோனாலும் கர்த்தர் நிற்கவில்லை என்பதைக் கண்ணால் காண்பது, ஓடியாடி உழைத்த ஒருவருக்கு எவ்வளவு ஆறுதலோ அவ்வளவு கசப்பாகவும் இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புதிய தொடக்கங்களைப் பற்றி வேதம் சொல்வதில் என்னை அதிகம் கலங்கவைப்பது யோசுவா ஐந்தாம் அதிகாரம். முதலாம் மாதம் பத்தாம் தேதி இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்து கில்காலில் பாளயம் இறங்குகிறார்கள். எரிகோ கண்ணுக்கெட்டிய தூரத்தில். அந்த நேரத்தில் வனாந்தரத்தில் பிறந்த ஆண்கள் எல்லாருக்கும் விருத்தசேதனம் செய்யச் சொல்கிறார் கர்த்தர். ஆறும்வரை எல்லாரும் பாளயத்திலேயே கிடக்கிறார்கள். அந்த நிலையில் ஆண்கள் எவ்வளவு பலவீனர்கள் என்பது அவர்கள் மூதாதைகளுக்கு நன்றாகத் தெரியும். சீகேம் ஊரார் அப்படிக் கிடந்த மூன்றாம் நாளில்தான் சிமியோனும் லேவியும் அவர்களை வெட்டினார்கள். எதிரியின் வாசலில் புது வாழ்வு படுத்த படுக்கையில் தொடங்குகிறது. பதினாலாம் தேதி பஸ்கா. மறுநாள் அந்தத் தேசத்தின் தானியத்தில் புளிப்பில்லாத அப்பமும் சுட்ட கதிரும். அதற்கு அடுத்த நாளிலிருந்து மன்னா இல்லை.

நாற்பது வருஷம் பெய்தது. பாளயத்தில் பாதிப்பேருக்குமேல், ஓய்வுநாளைத் தவிர, மன்னா இல்லாத காலையைக் கண்டதே கிடையாது. இனி பெய்யாது என்று முன்னறிவிப்பும் இல்லை. அன்று தரையைப் பார்த்தவர்களுக்குக் கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்று தோன்றியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நடந்ததோ நேர் எதிர்: வாக்குப்பண்ணிய தேசத்துக்குள் வந்துசேர்ந்ததன் அடையாளம் அது. (அந்தக் கதிரை விதைத்தவர்கள் வேறு ஜனங்கள் என்பது என் மனத்தை உறுத்துகிறது. இந்தப் புத்தகத்தை வாசிக்கும்போதெல்லாம் உறுத்தும், உறுத்தவும் வேண்டும்.) ஒரு பழைய பராமரிப்பு நின்றுபோவதும் புதிய பருவம் பிறப்பதும் ஒரே காலையில் நிகழலாம், அன்றைக்கு எது எதுவென்று நமக்குத் தெரியாது. ஓய்வூதியம் இல்லாத வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களிடமும் வெளிநாட்டு வேலை முடிந்து பெட்டியோடு வந்து இறங்கியவர்களிடமும் பேசும்போது இந்த அதிகாரம் என் நினைவுக்கு வருகிறது.

மன்னா நின்றதால் நம்பிக்கை எளிதாகிவிடவுமில்லை. எகிப்தில் ஆற்றுநீரைக் காலால் பாய்ச்சினார்கள். கானானோ வானம் பார்த்த பூமி என்று உபாகமம் பதினோராம் அதிகாரம் எச்சரிக்கிறது. கோவில்பட்டிக் கரிசலில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நிலத்தைத்தான் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை தரிசாகப் போடச் சொல்கிறது லேவியராகமம். ஏழாம் வருஷத்தில் எதைத் தின்போம் என்று ஜனங்கள் கேட்பார்கள் என்பதையும் அந்த அதிகாரமே எழுதிவைத்திருக்கிறது. அந்தக் கேள்விக்குக் கர்த்தர் கோபப்படவில்லை. ஆறாம் வருஷ விளைச்சல் மூன்று வருஷத்துக்குப் போதுமானதாக இருக்கும் என்று பதில் சொல்கிறார். மறுபடியும் ஆறாம் நாளின் இரட்டைப் பங்கு, இம்முறை மண்ணில். தரிசில் தானாக விளைவது வேலைக்காரனுக்கும் பரதேசிக்கும் மிருகங்களுக்கும். அதே ஏழாம் வருஷத்தில் கடன்களை விட்டுவிட வேண்டும் என்கிறது உபாகமம்.

இஸ்ரவேலர் அப்படிச் செய்யவில்லை. பாபிலோனியர் எருசலேமை அழித்த பிறகு, தேசம் தனக்கு மறுக்கப்பட்ட ஓய்வுநாட்களை எழுபது வருஷம் அனுபவித்தது என்று நாளாகமம் கணக்கு முடிக்கிறது. அந்தச் சிறையிருப்பின் காலத்து வசனம் ஒன்று நமக்கு நன்றாகத் தெரியும். நம் சபைகளில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். புது வருஷத்தில் நாம் எதையும் செய்யத் தொடங்குமுன் ஒரு வார்த்தை கையில் வந்து சேர்வது எனக்குப் பிடித்த வழக்கம். அந்த அட்டைகளில் எரேமியா 29-ன் பதினோராம் வசனம் தவறாமல் இருக்கும், நல்ல முடிவைத் தருகிற நினைவுகளைப் பற்றியது. கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தின் வரி அது. இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லார் முன்பும் சொன்னதும் அந்த நாட்களில்தான். எரேமியா எழுபது வருஷம் என்றார். அதுவரைக்கும் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வைத்து அதின் பலனைத் தின்னுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், சிறைவைத்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றார். அட்டையில் இடம்பெறும் வசனத்துக்கு முன்னால் இத்தனையும் இருக்கிறது. இந்த வருஷமே உனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நள்ளிரவில் முழங்குகிறவர்கள் அனனியாவின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஆளுநர் நெகேமியாவின் காலத்தில் ஓர் உடன்படிக்கை எழுதி முத்திரை போட்டார்கள். ஓய்வுநாளில் விற்கவரும் சரக்கை வாங்குவதில்லை, ஏழாம் வருஷத்தை விட்டுவிடுவோம், கடன்களைத் தண்டுவதில்லை. பிறகு நெகேமியா ராஜாவிடம் போய்த் திரும்பி வந்து பார்த்தால், ஓய்வுநாளில் ஆலை மிதிக்கிறார்கள், கழுதைமேல் மூட்டை ஏற்றுகிறார்கள், தீரு பட்டணத்தார் எருசலேமுக்குள்ளேயே மீன் விற்கிறார்கள். அவர் நகரத்துக் கதவுகளைப் பூட்டவைத்தார். வியாபாரிகள் ஒன்றிரண்டு இரவு மதிலுக்கு வெளியே தங்கிப் பார்த்துவிட்டு, மிரட்டப்பட்ட பின் ஓய்வுநாளில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். விற்காமல் போன அந்த மீனைப் பிடித்த தீருவின் கடற்கரைக்காரர்கள் அந்த வாரம் என்ன சாப்பிட்டார்கள், முத்திரை போட்டவர்களில் யாராவது அவர்களுக்காக ஓர் ஓமர் எடுத்துவைத்தார்களா என்பது புத்தகத்தில் இல்லை.